பெருகுதலும் பருத்தலும்

நுழையும்முன்

ஓர் உறுப்பு பெரிதானால் அதிலுள்ள செல்களின் எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. செல்கள் எண்ணிக்கையில் பெருகுவது வேறு. இருக்கும் செல்கள் பருமனில் வளர்வது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய ஆய்வகங்கள் கையாளும் முறைகளைக் காஞ்சிப் பட்டிலிருந்து தொடங்கி விளக்குகிறது இப்பாடம்.

பட்டிழையின் பிறப்பிடம்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் தறியோசை கேட்கும் வீடுகளுக்கு நூல் வந்துசேரும் வழி நெடியது. பட்டிழை பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இழைகளை முறுக்கி, பசை நீக்கி, சாயம் ஏற்றிய பின்னரே அவை பாவாகவும் ஊடையாகவும் தறியேறுகின்றன. பசை நீக்கும்போது ஒரு மாற்றம் நிகழ்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொதிநீரோடு போய்விடுகிறது. போவது செரிசின் என்னும் பசைப்புரதம். எஞ்சுவது ஃபைப்ராயின் என்னும் இழைப்புரதம். எடை குறைந்தது, ஆனால் இழைகளின் எண்ணிக்கையோ நீளமோ குறையவில்லை. எடையைக் கொண்டு எண்ணிக்கையை அறிய முயல்பவர் ஏமாந்துபோவார் என்பது நெசவாளர் நன்கறிந்த செய்தி.

இவ்விரு புரதங்களையும் உண்டாக்குவது பட்டுப்புழுவின் உடலிலுள்ள ஓர் இணைச் சுரப்பி. சுரப்பியின் பின்பகுதி ஃபைப்ராயினையும், நடுப்பகுதி அதன்மேல் பூசப்படும் செரிசினையும் சுரக்கின்றன. முன்பகுதி மெல்லிய குழாயாக நீண்டு, இழை வெளியேறும் வாயை அடைகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாள்களில் தன் எடையை ஏறக்குறைய 10,000 மடங்காக்குகிறது. கூடு கட்டத் தொடங்கும் தறுவாயில் அதன் உடல் எடையில் 40 விழுக்காடு வரை பட்டுச் சுரப்பியே ஆகும். அதன்பின் ஒரு கூட்டிற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள இழையை அது நூற்றுத் தள்ளுகிறது.

சுரப்பி இவ்வளவு பெரிதாவது எவ்வாறு? செல்கள் பிரிந்து பிரிந்து பல்லாயிரமாகப் பெருகியிருக்கும் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விடை. அது தவறு. ஒவ்வொரு சுரப்பியிலும் ஏறத்தாழ ஆயிரம் செல்களே உள்ளன. புழு முட்டைக்குள் கருவாக இருந்தபோதே அவை பிரிவதை நிறுத்திவிட்டன. கூடு கட்டும் நாளிலும் அவற்றின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஒவ்வொரு செல்லும் தனித்தனியே பருத்திருக்கிறது, அவ்வளவே.

அச்செல்லின் உட்கருவில் நிகழ்வது இதனினும் வியப்பானது. டி.என்.ஏ. இரட்டிக்கிறது, ஆனால் செல் பிரிவதில்லை. மீண்டும் இரட்டிக்கிறது, அப்போதும் பிரிவதில்லை. பின்பகுதிச் செல்களில் இது 17 முதல் 19 முறை வரை நிகழ்கிறது. ஒன்று என்னும் எண்ணைப் 18 முறை இரட்டித்தால் 2,62,144 கிடைக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரே உட்கருவிற்குள் எத்தனை படிகள் குவிந்துள்ளன என்பது புலனாகும். அத்துணைச் சரக்கையும் தாங்கிய உட்கரு உருண்டையாக இராமல், மரக்கிளை போலப் பிரிந்து செல் முழுதும் பரவுகிறது. இதனை உள்ளிரட்டிப்பு என்பர்.

பட்டுப்புழுவிற்கு இதனால் விளையும் பயன் தெளிவானது. ஃபைப்ராயினை உண்டாக்கும் மரபணு, குரோமோசோம்களின் ஒரு தொகுதிக்கு ஒன்றே உள்ளது. அம்மரபணு மட்டும் தனியே படியெடுக்கப்படுகிறதா என்னும் ஐயத்தை 1972இல் யோஷியாகி சுசுகியும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து, அவ்வாறு இல்லை என்று காட்டினர். செல் தன் டி.என்.ஏ. முழுவதையுமே பெருக்கிக்கொள்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கே.பி. கோபிநாதன் குழுவினர் இச்சுரப்பியின் செல் சுழற்சியைக் கருவளர்ச்சி முதலே ஆராய்ந்து 2003இல் வெளியிட்டுள்ளனர்.

காஞ்சிபுரத்துச் சேலை ஒவ்வொன்றும் பெருகாத செல்களின் உழைப்பு என்று கூறினால் அது மிகையன்று. ஆனால், செல் பெருக்கத்தை அளக்க முற்படும் ஆய்வாளருக்கு இச்சுரப்பி ஒரு பொறி. எந்த முறை இதில் சிக்கும், எந்த முறை தப்பும் என்பதைக் கொண்டே ஒவ்வொரு முறையின் இயல்பையும் அறிந்துகொள்ளலாம்.

எண்ணிப் பார்த்தல்

எல்லா முறைகளுக்கும் மூத்தது எண்ணுதல். உடலிலிருந்து எடுக்கப்பட்ட செல்களை ஊட்டநீர்மத்தில் வளர்த்து, குறித்த இடைவெளியில் எண்ணுவர். நம் நாட்டு ஆய்வகங்களுக்குப் புனேவிலுள்ள தேசிய செல் அறிவியல் மையம் இத்தகைய வளர்ப்புச் செல்களை வழங்கிவருகிறது.

எண்ணுவதற்குரிய கருவி நியூபாயர் கண்ணாடி அறை. நுண்ணோக்கியின் அடியில் வைக்கத்தக்க தடித்த கண்ணாடித் துண்டில் 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரங்கள் கீறப்பட்டிருக்கும். அதன்மேல் மூடும் வில்லைக்கும் சதுரத்திற்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் உயரமே உண்டு. ஆகவே ஒரு சதுரத்தின் மேல் நிற்கும் நீர்மத்தின் அளவு 0.1 கன மில்லிமீட்டர். இது ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மூலைச் சதுரங்கள் நான்கிலும் 200 செல்கள் எண்ணப்பட்டன என்க. சராசரி 50. சம அளவு சாயம் சேர்த்து நீர்த்திருந்தால் 50ஐ இரண்டாலும், பின்னர் 10,000ஆலும் பெருக்க வேண்டும். விடை மில்லிலிட்டருக்குப் பத்து இலட்சம் செல்கள்.

சதுரத்தின் கோட்டின்மேலேயே கிடக்கும் செல்லை என்செய்வது? மேற்பக்கக் கோட்டிலும் இடப்பக்கக் கோட்டிலும் கிடப்பவற்றைச் சேர்த்துக்கொண்டு, மற்ற இரு கோடுகளில் கிடப்பவற்றை விட்டுவிடுவர். எப்பக்கம் என்பது முக்கியமன்று. நாள்தோறும் ஒரே பக்கமாக இருப்பதே முக்கியம். சேர்க்கப்படும் சாயம் டிரிப்பான் நீலம். உயிருள்ள செல்லின் சவ்வு அதனை உள்ளே விடாது. இறந்த செல் நீலமாகிவிடும். எனவே ஒரே பார்வையில் உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் தனித்தனியே எண்ணலாம். 200 செல்களை எண்ணினால் தற்செயலால் மட்டுமே ஏறத்தாழ 14 கூடவோ குறையவோ நேரலாம். 20 மட்டும் எண்ணிவிட்டு முடிவுகூறுவது ஏன் தகாது என்பது இதனால் விளங்கும்.

தொடக்கத்தில் 20,000ஆக இருந்த செல்கள் 72 மணி நேரத்தில் 1,60,000 ஆயின எனில், அவை மும்முறை இரட்டித்துள்ளன. இரட்டிப்புக் காலம் 24 மணி நேரம். எளிய இக்கணக்கில் ஒரு குறை உண்டு. எண்ணிக்கை என்பது பிறப்பில் இறப்பைக் கழித்த மீதி. செல்கள் பிரிவதையே நிறுத்தியதாலும் எண்ணிக்கை மாறாதிருக்கலாம்; பிரிந்த வேகத்திலேயே மடிந்ததாலும் மாறாதிருக்கலாம். எண்ணும் அறைக்கு இரண்டும் ஒன்றே. எனினும் பட்டுச் சுரப்பியின் பொறியில் இம்முறை சிக்காது. சுரப்பி எவ்வளவு பருத்தாலும் எண்ணிக்கை ஆயிரமாகவே நிற்கும்.

பிரியும் செல்லை நேரில் காணும் முறையும் ஒன்றுண்டு. வெங்காய வேர்நுனியை நசுக்கி நுண்ணோக்கியில் நோக்கும் செய்முறை பள்ளி ஆய்வகங்களிலேயே செய்யப்படுவது. பார்வைக்குள் வரும் செல்களில் எத்தனை மைட்டாசிஸ் நிலையில் உள்ளன என்பதன் விகிதமே மைட்டாசிஸ் குறியீட்டெண். வளர்ப்புச் செல்லின் ஒரு நாட்சுழற்சியில் மைட்டாசிஸ் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நீடிப்பதால், நூறு செல்களைத் தேடினால் நாலைந்து கிடைப்பதே அரிது.

டி.என்.ஏ.வைப் பின்தொடர்தல்

பிரிவதற்கு முன் ஒவ்வொரு செல்லும் தன் டி.என்.ஏ.வை இரட்டிக்க வேண்டும். அதற்குரிய எஸ் நிலை மணிக்கணக்கில் நீடிப்பது. ஆதலால் அதனைப் பிடிப்பது எளிது. டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களுள் தைமிடின் அதற்கு மட்டுமே உரியது. அடையாளமிட்ட தைமிடினைச் செல்லுக்கு ஊட்டினால், அந்நேரத்தில் டி.என்.ஏ.வைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் செல் மட்டும் அதனை ஏற்கும்.

1957இல் ஹெர்பர்ட் டெய்லரும் உடன் ஆய்ந்தோரும் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய தைமிடினை அவரை இனச் செடியொன்றின் வேர்நுனிக்கு ஊட்டினர். புகைப்படப் படலத்தின்மேல் விழுந்த கரும்புள்ளிகள் புதிய டி.என்.ஏ. இருக்குமிடத்தைக் காட்டின. இம்முறையில் படலம் பதிவாக நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. கதிரியக்கக் கழிவையும் காக்க வேண்டியிருந்தது. பின்னர் தைமிடினைப் போன்ற வடிவுடைய புரோமோடீஆக்சியூரிடின் பயன்பாட்டிற்கு வந்தது. 1982இல் இதனை இனங்காணும் எதிர்ப்பொருளை கிராட்ஸ்னர் உருவாக்கிய பின் கதிரியக்கத்தின் தேவை குறைந்தது. ஆனால் அந்த எதிர்ப்பொருள் நெருங்குவதற்கு டி.என்.ஏ.வின் ஈரிழைகளை அமிலத்தால் பிரித்துத் திறக்க வேண்டும். அதில் செல்லின் பிற பகுதிகள் சிதையும். 2008இல் சாலிக், மிச்சிசன் ஆகிய இருவரும் எத்தினைல் தொகுதி பொருத்திய மாற்றுப் பொருளைக் கொண்டு அச்சிதைவையும் தவிர்த்தனர். செம்பு அயனியின் துணையோடு சிறிய ஒளிரும் மூலக்கூறு அதனோடு நேரே பிணைந்துவிடுகிறது.

இம்மூன்றும் நுட்பத்தில் ஒன்றையொன்று விஞ்சுபவை. ஆனால் மூன்றும் கேட்கும் வினா ஒன்றே: இச்செல் இப்போது டி.என்.ஏ.வைக் கட்டுகிறதா? இவ்வினாவைப் பட்டுச் சுரப்பியிடம் கேட்டால் ஆம் என்றே விடை வரும். சுரப்பிச் செல்களின் உட்கருக்கள் ஒளிரும். சுரப்பி வேகமாகப் பெருகுகிறது என்று எழுதிவிட ஆய்வாளரின் கை துடிக்கும். அங்கு ஒரு செல்கூடப் பிரிந்திருக்காது.

இது பூச்சியுலகின் தனிவிந்தை மட்டுமன்று. மனித எலும்பு மச்சையில் இரத்தத் தட்டுகளை உதிர்க்கும் பெருஞ்செல்களும் இவ்வாறே பிரியாமல் டி.என்.ஏ.வைக் குவிக்கின்றன. கல்லீரல் செல்கள் பலவற்றில் இருமடங்கும் நான்மடங்கும் குரோமோசோம்கள் உள்ளன. புற்றுநோய்ச் செல்கள் சில, மருந்தின் தாக்குதலுக்கு ஆளானபின் பிரிய இயலாமல், இரட்டித்த டி.என்.ஏ.வோடு பருத்துக் கிடப்பதுண்டு. அவற்றை அடையாளமிட்டுப் பார்த்தவர் மருந்து பலிக்கவில்லை என்று முடிவுசெய்யக்கூடும்.

ஆதலால் இம்முறைக்கு இன்னொரு சாட்சி வேண்டும். பாய்வு செல்அளவி என்னும் கருவி, டி.என்.ஏ.வில் ஒட்டும் ஒளிர்சாயத்தின் அளவைச் செல்செல்லாக அளக்கும். பிரியும் செல்கூட்டத்தில் ஒளியளவு ஒரு மடங்கிற்கும் இரு மடங்கிற்கும் இடையே ஏறி, மீண்டும் ஒரு மடங்கிற்கு இறங்கும். உள்ளிரட்டிப்புச் செல்களிலோ நான்கு, எட்டு, பதினாறு என ஏறிக்கொண்டே போகும், இறங்காது. மைட்டாசிஸின்போது ஹிஸ்டோன் எச்3 புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதை எதிர்ப்பொருளால் காண்பதும் ஒரு நல்ல சாட்சியே.

மஞ்சள் ஊதாவாதல்

ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மருந்துப் பொருள்களைச் சோதிக்க வேண்டிய ஆய்வகத்தில் எவரும் கண்ணாடி அறையில் எண்ணிக்கொண்டிருக்க இயலாது. அவர்களுக்குக் கைகொடுப்பது 1983இல் டிம் மோஸ்மன் வெளியிட்ட எம்.டி.டி. சோதனை. 96 குழிகள் கொண்ட நெகிழித் தட்டில் செல்களை வளர்த்து, டெட்ராசோலியம் வகையைச் சேர்ந்த மஞ்சள் உப்பொன்றைச் சேர்ப்பர். உயிருள்ள செல்லின் நொதிகள் அதனை ஒடுக்கி, நீரில் கரையாத ஊதாநிற ஃபார்மசான் படிகங்களாக மாற்றும். சில மணி நேரம் கழித்துப் படிகங்களைக் கரைத்து, 570 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவி அளக்கும். நிறம் அடர்ந்தால் செல்கள் மிகுதி, வெளிறினால் குறைவு. சாயப்பட்டறையில் நூலின் நிறத்தைக் கொண்டே சாயம் எவ்வளவு ஏறியது என்று சொல்வதைப் போன்றது இது.

ஆனால் இங்கு அளக்கப்படுவது செல்லன்று. செல்லின் வளர்சிதை மாற்றம். செல்களைக் கொல்லாமல், அவற்றின் மைட்டோகாண்ட்ரிய இயக்கத்தை மட்டும் பாதியாக்கும் மருந்து, பாதிச் செல்களைக் கொன்றதுபோலத் தோற்றமளிக்கும். எண்ணிக்கை மாறாமல் செல்கள் பருத்து மிகுதியாக இயங்கினால், அவை பெருகியதாகத் தோன்றும். பட்டுச் சுரப்பியின் பொறியில் இம்முறையும் சிக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டு மாணவர் கவனிக்கத்தக்க இடர் ஒன்றும் இதில் உண்டு. நம் மூலிகைகளின் சாறு புற்றுநோய்ச் செல்களை என்செய்கிறது என்று பல கல்லூரிகளில் சோதிக்கின்றனர். எளிமை கருதிப் பெரும்பாலும் எம்.டி.டி. முறையையே நாடுகின்றனர். மூலிகைச் சாறுகளில் பாலிஃபீனால்கள் நிறைந்துள்ளன. ஒடுக்கும் ஆற்றலுடைய அவை செல்லின் துணையின்றித் தாமே மஞ்சள் உப்பை ஊதாவாக்கிவிடும். செல்களே இல்லாத குழியிலும் நிறம் தோன்றும். செல்களைக் கொன்ற சாறுகூட ஒன்றும் செய்யாததுபோலக் காட்சியளிக்கும். சாற்றின் சொந்த நிறமும் ஒளி உறிஞ்சலோடு கலந்துவிடும். செல்லில்லாக் குழியொன்றில் சாற்றையும் உப்பையும் மட்டும் இட்டுப் பார்க்கும் ஒப்புச்சோதனை இல்லாமல் வெளிவரும் முடிவை நம்புவதற்கில்லை. அதன்பின்னும் டிரிப்பான் நீலத்தோடு ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நேர்மையான ஆய்வாளரின் வழக்கம்.

தெரிந்து தெளிவோம்

ஒரு செல் எத்தனை முறை பிரிந்தது என்பதை அதன் சாயமே சொல்லும்படி செய்யும் முறையை 1994இல் ஆஸ்திரேலியாவின் லயன்ஸ், பாரிஷ் ஆகியோர் வெளியிட்டனர். செல்லின் உட்புரதங்களில் ஒளிர்சாயம் ஒன்று நிலையாக ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது சாயம் சேய்ச் செல்களுக்குப் பாதிப்பாதியாகப் பங்காகிறது. மும்முறை பிரிந்த செல்லில் ஒளி எட்டில் ஒரு பங்காகியிருக்கும். ஏழெட்டுத் தலைமுறைக்குப்பின் அது செல்லின் இயற்கை ஒளியோடு கலந்து மறைந்துவிடும். நோய் எதிர்ப்புச் செல்களை ஆராய்வோர் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். பிரியாத செல் எவ்வளவு பருத்தாலும் அதிலுள்ள சாயம் பாதியாகப் பங்காவதில்லை என்பது இதன் சிறப்பு.

நோயாளியின் திசுவில்

இதுவரை கூறிய முறைகள் பெரும்பாலும் உயிருள்ள செல்லுக்கே உரியவை. நோயாளியிடமிருந்து அறுத்தெடுத்து, ஃபார்மலினில் இட்டு, மெழுகில் பதித்த திசுத்துண்டுக்குத் தைமிடினை ஊட்ட முடியாது. அதன் செல்கள் எந்நிலையில் உறைந்தனவோ அந்நிலையிலேயே அவற்றைப் படித்தறிய வேண்டும்.

காஞ்சிபுரத்திற்கும் இவ்வினாவிற்கும் உள்ள தொடர்பு பட்டோடு முடிவதில்லை. இவ்வூரில் 1909இல் பிறந்து தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய பேரறிஞர் அண்ணா, புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அவர் நினைவாக அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை, நகரையடுத்த காரைப்பேட்டையில் இயங்கிவருகிறது. புற்றுநோய்க்கு மருத்துவம் செய்வோருக்கு, ஒரு கட்டி எவ்வளவு பெரியது என்பதோடு, அதன் செல்கள் எவ்வளவு முனைப்பாகப் பெருகுகின்றன என்பதும் தெரிந்தாக வேண்டும்.

அதற்கு நோய்க்குறியியல் ஆய்வகங்கள் உலகெங்கும் நாடுவது கிஐ-67 என்னும் புரதத்தை. 1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் யோஹானஸ் கெர்டெஸ் குழுவினர், ஹாட்ஜ்கின் நோய்ச் செல்களின் உட்கருக்களைக் கொண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்கினர். 96 குழிகளுள்ள தட்டில் 67ஆம் குழியில் கிடைத்த எதிர்ப்பொருள், செல் சுழற்சியில் ஈடுபட்டுள்ள செல்களின் உட்கருக்களில் மட்டும் ஒட்டியது. ஓய்வுநிலைச் செல்களில் ஒட்டவில்லை. ஊரின் பெயரும் குழியின் எண்ணும் சேர்ந்து அப்புரதத்தின் பெயராயிற்று. மெழுகில் பதித்த திசுவிலும் வேலை செய்யும் எதிர்ப்பொருள்கள் பின்னர் உருவாக்கப்பட்டன.

மெல்லிய திசுச்சீவலில் அந்த எதிர்ப்பொருளையும் நிறமூட்டியையும் சேர்த்தால், சுழற்சியிலுள்ள உட்கருக்கள் பழுப்பாகவும் மற்றவை நீலமாகவும் தோன்றும். பழுப்பானவை நூற்றுக்கு எத்தனை என்பதே அளவீடு. மார்பகப் புற்றுநோயில் மருத்துவத்தைத் தீர்மானிக்கும் குறிப்புகளுள் இதுவும் ஒன்று. குடல், கணையம் ஆகியவற்றில் தோன்றும் நரம்புநாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளிலோ இதற்கு முதன்மையான இடமுண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வகைப்பாட்டில் 3 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தால் முதல் தரம். 3 முதல் 20 வரை இரண்டாம் தரம். 20க்கு மேல் மூன்றாம் தரம்.

இங்கும் அளவீடு சொல்வது இன்னதென்று தெளிந்திருக்க வேண்டும். செல் சுழற்சிக்குள் இருக்கிறது என்பதையே பழுப்பு நிறம் சொல்கிறது. எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்று சொல்வதில்லை. ஒரு நாளில் சுழற்சியை முடிக்கும் செல்லும், ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் செல்லும் நுண்ணோக்கியில் ஒரே பழுப்பு.

எண்ணும் இடத்தைத் தேர்வதும் எளிதன்று. கட்டியின் எல்லாப் பகுதியும் ஒரேபோலப் பெருகுவதில்லை. பழுப்பு அடர்ந்த பகுதியைத் தேடி, அங்கு குறைந்தது 500 செல்களை எண்ண வேண்டும் என்பது மேற்கூறிய கட்டிகளுக்கான நெறி. ஒரு மருத்துவர் 1,000 செல்களை எண்ணி 180 பழுப்பு என்று குறித்தார் என்க; 18 விழுக்காடு, இரண்டாம் தரம். அதே சீவலைச் சற்று நகர்த்தி, அடர்த்தி மிகுந்த வேறோர் இடத்தை எண்ணிய மற்றொருவர் 240 என்று குறித்தால் 24 விழுக்காடு, மூன்றாம் தரம். தரம் மாறினால் மருந்தும் மாறக்கூடும். அதனால்தான் எல்லையை ஒட்டி எண் வரும்போது, சீவலின் படத்தைத் தாளில் அச்சிட்டு, எண்ணிய ஒவ்வொரு செல்லின்மேலும் பேனாவால் புள்ளியிட்டு, முதலிலிருந்து மீண்டும் எண்ணுகின்றனர்.